'கஆவா' எங்கிருந்து வந்த சொல்?

வணக்கம். சலோனிக்கா (இன்றைய கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரம்) யூதர்களின் லடினோ (ஸ்பானியத்திலிருந்து பிறந்த யூத மொழி) கதையொன்றைத் தமிழாக்கும்போது 'கஆவா' என்ற சொல்லை ஸ்பானிய அகராதியில் தேடியும் காணவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அது ஸ்பானியச் சொல்லே அன்று, எபிரேயம்; செருக்கு, அகந்தை என்று பொருள். 1492இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்கள் ஒட்டோமான் நகரங்களுக்குக் கொண்டு சென்ற மொழியில், சமயமும் அறமும் சார்ந்த பல சொற்கள் வேதாகமத்திலிருந்தே வந்தவை. 'கிமெல், ஆலெஃப், ஹே' என்ற மூன்று எபிரேய எழுத்துகளாலான 'கஆவா'வின் வேர் உயர்வதைக் குறிக்கும். எசேக்கியேல் 47:5இல் ஆற்று வெள்ளம் பெருகுவதற்கும் இதே வினைதான் வருகிறது. வெள்ளம் கரை மீறுவதைப் போல மனம் தன் அளவை மீறுவது என்று இதைக் கொள்ள எனக்கு மிகவும் பிடிக்கும். 'மனுஷனுடைய அகந்தை அவனைத் தாழ்த்தும்' என்னும் நீதிமொழிகள் 29:23இல் அகந்தை என்று நிற்பதும் இச்சொல்லே.

மூலம் எபிரேய எழுத்தில் இருந்தால் எளிதில் சரிபார்க்கலாம்: லடினோவின் ஸ்பானியச் சொற்களில் உயிரொலிகளுக்கும் எழுத்து இடுவார்கள், எபிரேயச் சொற்களையோ பெரும்பாலும் உயிரொலிகளுக்கு அவ்வளவாக எழுத்து இடாத பழைய எழுத்துக்கூட்டலிலேயே விட்டுவிடுவார்கள்.

இன்றைய எபிரேயத்தில் இச்சொல் நல்ல பெருமிதத்தையும் குறிக்கிறது. ஆனால் உங்கள் கதையில் பாட்டி பேரனைக் கண்டிக்கும் இடத்தில் அது வருவதால், 'பெருமை' என்று போடாமல் 'செருக்கு' என்றே எழுதுங்கள்.