அத்தைக்கு மார்பகப் புற்றுநோய்: ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. அப்பாவின் தங்கைக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அம்மா வழியில் யாருக்கும் இல்லை. எங்கள் குடியிருப்பில் முகாம் போட்டவர்கள், 'கேன்சர் பேக்கேஜ்' ரத்தப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். அந்தப் பணத்தை மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேக்கேஜ்களில் பெரும்பாலும் சிஏ 15-3 என்ற பரிசோதனை இருக்கும். ஏற்கெனவே நோய் உள்ளவர்களின் சிகிச்சையைக் கண்காணிக்க உதவுவது அது. ஆரம்ப நிலையில் பெரும்பாலும் நார்மல் என்றே வரும். 52 வயது அம்மா ஒருவர் 'நார்மல்' ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மார்பில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி. "வலிக்கவே இல்லையே டாக்டர், ரிப்போர்ட்டும் நல்லா இருந்துச்சே" என்றார். அந்த ரிப்போர்ட்டை நம்பியே எட்டு மாதம் போய்விட்டது. முகாமில் பேசுபவர் எத்தனை பேரைச் சேர்த்தார் என்பதற்குத்தான் கமிஷன் வாங்குகிறார். உங்கள் அத்தையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டாரா?

அப்பா வழி கணக்கில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. பிஆர்சிஏ என்ற மரபணுக் கோளாறு அப்பாவிடம் இருந்தால், அவரிடமிருந்தும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் மகளுக்கு வரும். அப்பாவுக்கு இந்த நோய் வருவது மிக அரிது. அவரோடு பிறந்தவர்கள் எல்லாம் ஆண்கள் என்றால், குடும்பத்தில் ஒரு தலைமுறையே நோய் வெளியே தெரியாமல் போய்விடும். உங்கள் வீட்டில் அத்தை இருந்ததால் தெரிந்தது. ஆனாலும் பயந்துவிடாதீர்கள், மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான்.

மற்றபடி வயது, 12 வயதுக்கு முன் பூப்பெய்துவது, 55க்குப் பிறகும் மாதவிலக்கு நிற்காதது, குழந்தை இல்லாதது அல்லது 30க்கு மேல் முதல் குழந்தை, மாதவிலக்கு நின்றபின் ஏறும் எடை, மது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். தாய்ப்பால் கொடுப்பது குறைக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். ஆனால் நான் பார்த்த சில இடங்களில், "கட்டி இருக்கா? இல்லையா? சரி" என்று கேட்டே பதிவேட்டில் டிக் போட்டுவிடுகிறார்கள். மும்பையில் 1998இல் தொடங்கி 20 ஆண்டு நடந்த டாடா மருத்துவமனை ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் தொட்டுப் பார்த்தே 50 வயதைத் தாண்டியவர்களின் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. தொடாமல் டிக் போடுவதற்கு எதற்கு ஒரு திட்டம்? திரை மறைவில் படுக்க வைத்து, அக்குள் வரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மரபணுப் பரிசோதனையை முதலில் அத்தைக்குத்தான் செய்ய வேண்டும். அவரிடம் கோளாறு இருந்தால், அதே கோளாறு அப்பா வழியாக உங்களுக்கு வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். இந்த வாரமே அத்தைக்குப் போன் செய்யுங்கள். ஒரு மார்பிலா, இரண்டிலுமா? அந்த வழியில் யாருக்காவது சினைப்பையில் (ஓவரி) புற்றுநோய் வந்ததா? அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, அத்தையின் பழைய பயாப்சி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டின் நகலோடு டாக்டரிடம் போங்கள்.