‘அப்புறம்…’ என்று இழுத்தபின் என்ன பேசுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்யாண வீட்டில் யாரையாவது பார்த்தால் ‘சாப்பிட்டாச்சா?’, ‘எப்ப வந்தீங்க?’ என்பதோடு என் பேச்சு தீர்ந்துவிடுகிறது. பிறகு ‘அப்புறம்…’ என்று இழுத்தபடி நிற்கிறேன். எப்படித் தொடர்வது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அடுத்த கேள்வியைப் புதிதாக யோசிப்பதால்தான் திணறுகிறீர்கள். அது அவர் சொன்ன பதிலிலேயே இருக்கிறது. ‘காலைலதான் வந்தோம். பஸ்ல டிக்கெட் கிடைக்கல, கார்லயே வந்துட்டோம்’ என்கிறார். ‘ராத்திரி முழுக்க நீங்களேவா ஓட்டினீங்க?’ என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலில் வழியில் பெய்த மழையோ, கூட வந்த மாமாவோ இருப்பார். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இப்படித் தொடர்கேள்வி அதிகம் கேட்டவர்களை எதிரில் இருந்தவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. பேச்சை வேறு பக்கம் திருப்பும் கேள்விகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இரண்டு கேள்வி கேட்டதும் உங்களைப் பற்றி ஒரு வாக்கியமாவது சொல்லிவிடுங்கள். மூன்றாவதும் கேள்வியாகவே வந்தால் போலீஸ் விசாரணை போல ஆகிவிடும். ‘சம்பளம் எவ்வளவு?’, ‘விசேஷம் ஏதாவது உண்டா?’ இரண்டும் நம் கல்யாண மண்டபங்களின் நிரந்தரக் கேள்விகள். அவராகச் சொல்லாதவரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: மீட்டிங்கில் பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு ‘வந்து’, ‘அதாவது’, ‘ஆக்சுவலா’ வந்துவிடுகிறது. எப்படி நிறுத்துவது?
– வாசகி, சென்னை

பதில்: மூன்றையும் ஒரே நேரத்தில் விரட்டப் பார்த்தால் பேச்சே நின்றுவிடும். இவை ஏன் வருகின்றன என்று முதலில் பாருங்கள். உரையாடலில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் நேரம் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வின் கணக்கு இது. அவ்வளவு சிறிய இடைவெளி என்பதால், யோசிக்க ஒரு நொடி நின்றாலும் வேறு யாராவது நுழைந்துவிடுவார்களோ என்ற பதற்றம் வருகிறது. பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல ‘வந்து’ போட்டு இடம் பிடிக்கிறோம். ஓரிரண்டு இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

தமிழ் வாக்கியத்தின் அமைப்பும் ஒரு காரணம். ‘கஸ்டமர்கிட்ட பேசிட்டு, அவங்க மெயிலப் பாத்துட்டு, ரேட் குறைக்கணும்னு சொன்னதால நாங்க மறுபடியும் உக்காந்து…’ என்று எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். வினைமுற்று கடைசியில்தான் வரும் என்பதால் கேட்பவர் அதுவரை காத்திருக்க வேண்டும். பேசுபவருக்கோ எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துபோகும். பெரும்பாலான ‘அதாவது’ முளைப்பது அங்கேதான்.

போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, அன்றைய வேலை ஒன்றைப் பற்றி 2 நிமிடம் பேசுங்கள். எழுதிவைத்துப் படிக்கக் கூடாது. திரும்பக் கேட்கும்போது ‘வந்து’, ‘அதாவது’, ‘ஆக்சுவலா’ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பென்சில் கோடு போடுங்கள். எதற்குக் கோடு அதிகமோ அதை மட்டும் இரண்டு வாரம் கவனித்தால் போதும். மறுநாள் அதே விஷயத்தை, ஒரு வாக்கியத்தில் இரண்டு ‘ட்டு’க்கு மேல் போகாமல் சொல்லிப் பாருங்கள்: ‘கஸ்டமர்கிட்ட பேசினோம். ரேட் குறைக்கச் சொல்றாங்க. நாளைக்குப் புது கொட்டேஷன் அனுப்பறோம்.’ ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் உதட்டை மூடி, மூக்கால் மூச்சு இழுங்கள். வாய் திறந்தே இருந்தால் ‘ஆ…’ தானாக வந்துவிடும்.

முதல் சில நாட்கள் முன்பைவிட அதிகமாகச் சொல்வதுபோலத் தோன்றும். காது இப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்று பொருள். பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். துணை வேண்டுமென்றால், டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப்பேச்சுப் பயிற்சி கிளப்பின் கூட்டங்களில் இந்தச் சொற்களை எண்ணுவதற்கென்றே ‘ஆ கவுண்ட்டர்’ என்று ஒருவரை உட்காரவைக்கிறார்கள். சென்னையிலும் கிளப்கள் உண்டு. முதலில் விருந்தினராகப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: சீனியர் ஒருவர் தன் வேலையை அடிக்கடி என் தலையில் கட்டுகிறார். ‘பார்க்கலாம் சார்’ என்று சொல்லி மாட்டிக்கொள்கிறேன். மரியாதை குறையாமல் மறுப்பது எப்படி?
– வாசகி, கோவை

பதில்: ‘பார்க்கலாம்’ என்றால் அவர் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார். முடியாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘சார், இன்னிக்கு முடியாது சார். ஆடிட் ஃபைலை நாலு மணிக்குக் கொடுக்கணும்.’ காரணம் ஒன்றே ஒன்று போதும். மூன்று சொன்னால் அதில் பலவீனமானதைப் பிடித்து, ‘அதுக்கென்ன, நான் பேசிக்கிறேன்’ என்பார். மறுபடி கேட்டால் புதுக் காரணம் தேடாமல், அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். கேட்பவர் உங்கள் மேலதிகாரி என்றால் ‘ரெண்டுல எதை முதல்ல முடிக்கட்டும் சார்?’ என்று கேட்பது மேல். முடிவு அவருடையதாகிவிடும்.

கேள்வி: தினமும் படிக்கும் பழக்கத்தை 21 நாள் விடாமல் செய்தால் நிலைத்துவிடும் என்றார்கள். எனக்குப் பத்து நாளைத் தாண்டவில்லை.
– வாசகர், மதுரை

பதில்: அந்த 21, அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் எழுதியதிலிருந்து பரவியது. அறுவை சிகிச்சைக்குப் பின் மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்றார் அவர். படிக்கும் பழக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். பழக்கம் படிய ஆகும் காலத்தை 18 நாளிலிருந்து 254 நாள்வரை மதிப்பிட்டார்கள். நடுவில் நின்ற எண் 66. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே பதினோராம் நாள் தவறினால் பன்னிரண்டாம் நாள் தொடருங்கள், முதலிலிருந்து எண்ண வேண்டாம்.

‘ராத்திரி 9 மணிக்குப் படிப்பேன்’ என்ற திட்டம் பெரும்பாலும் நிற்பதில்லை. அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று சொல்ல முடியாது. தினமும் தவறாமல் செய்யும் வேலை ஒன்றின் வாலில் கட்டுங்கள்: டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்ததும் 2 பக்கம். புத்தகம் தலையணைமேல் இருக்கட்டும், போன் சார்ஜர் ஹாலுக்குப் போகட்டும். அந்த 2 பக்கத்தை வாய்விட்டுப் படித்து, மூடிவைத்து, மூன்று வாக்கியத்தில் யாருக்காவது சொன்னால் பேச்சுப் பயிற்சியும் ஆயிற்று.

கேள்வி: புதியவர்களிடம் பேசிவிட்டு வந்தால், ‘உளறிவிட்டேனோ, என்ன நினைத்திருப்பார்களோ’ என்று தூக்கம் வருவதில்லை.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அவர்கள் உங்களை நீங்கள் நினைப்பதைவிட அதிகம் விரும்பியிருக்கவே வாய்ப்பு. முதல்முறை சந்தித்துப் பேசியவர்களைத் தனித்தனியாக விசாரித்து 2018-இல் வெளியான ஆய்வில் அப்படித்தான் தெரிந்தது. மனம் புண்படும்படி ஏதாவது சொல்லியிருந்தால் மட்டும் மறுநாள் போன் செய்து, ‘நேத்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோங்க’ என்று ஒரு வரி சொல்லுங்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் பழைய புண்ணைத்தான் கிளறுவீர்கள். மற்ற நாட்களில், படுக்கும் முன் அவர் சொன்னதில் ஒன்றை அவர் நம்பருக்குக் கீழே குறித்துவையுங்கள், ‘மகள் ப்ளஸ் டூ’ என்பதுபோல. அடுத்த முறை ‘பொண்ணு பரீட்சை எப்படி எழுதினா?’ என்று நீங்களே தொடங்கலாம்.