மாஷுக்கு எதற்குச் சமரம்?

மாஷுக்கு வணக்கம்.

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் உரக்கடை வைத்திருக்கிறேன். மகள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.காம். கடைசி வருஷம். தினமும் எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் போய் வருகிறாள். அங்கே மூன்று வாரமாக ஆசிரியர் சங்கத்தார் கேட்டில் கூட்டம் போடுகிறார்கள். சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, கேட்ட இரண்டு பேரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்கிறார்கள். இப்போது செமஸ்டர் விடைத்தாளைத் திருத்த மாட்டோம் என்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். நான் முழு ஃபீஸும் கட்டியாயிற்று. அவர்கள் சண்டையில் என் பிள்ளை என்ன பாவம் செய்தாள்? குரு ஸ்தானத்தில் இருக்கிற மாஷ்கள், அதாவது ஆசிரியர்கள், மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி மாதிரி கொடி பிடித்துச் சமரம், போராட்டம் என்று கோஷம் போடலாமா? போன வாரம் மகள் அவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாளாம். திட்டிவிட்டேன். கேரளத்து வியாதி எல்லை தாண்டிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ச.,

சுமட்டுத் தொழிலாளியை நீங்களே இழுத்துவிட்டீர்கள், அதனால் அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் கடைக்கு யூரியா லாரி வந்து நிற்கும்போது யார் இறக்குவது, மூட்டைக்கு எவ்வளவு என்று எத்தனை முறை வாய்த்தகராறு ஆகியிருக்கும். மூட்டையைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கேட்கிற நோக்குகூலிக் கொடுமையை நானும் வீடு கட்டியபோது அனுபவித்தவன்தான். ஆனால் அந்தத் தகராறு முற்றினால் இரண்டு பேருக்கும் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. கேரளத்தில் 1978-ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. லேபர் ஆபீசர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார். நம் சித்தூர் தாலுகாத் தோப்புகளில் தென்னை ஏறிக் கள் இறக்குகிறவருக்கு அதற்கும் முன்னால், 1969-இல், நலநிதிச் சட்டம் வந்தது. உங்கள் மகளுக்கு காஸ்ட் அக்கவுண்டிங் சொல்லித்தருகிற, பிஎச்.டி. முடித்த அந்த அம்மா மூன்று மாதம் சம்பளம் வரவில்லை என்று லேபர் ஆபீசில் போய் நின்றால், “நீங்கள் தொழிலாளி இல்லையே மேடம்” என்று அனுப்பிவிடுவார்கள்.

இது நான் மிகைப்படுத்திச் சொல்வதில்லை. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘தொழில்’ என்ற சொல்லுக்கு விரிவான பொருள் சொன்னது. அதன்படி கல்வி நிறுவனமும் ஒரு தொழில்தான். சரி, கல்லூரி தொழில் என்றால் அதில் வேலை பார்க்கிறவர் தொழிலாளி என்றுதானே நானும் நீங்களும் கணக்குப் போடுவோம்? பத்து வருடம் கழித்து, 1988-இல், கோவாவைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியையின் வழக்கில் அதே நீதிமன்றம் அப்படி இல்லை என்றது. கற்பிப்பது உடலுழைப்பும் இல்லை, குமாஸ்தா வேலையும் இல்லை, அது ஓர் உன்னதப் பணி, ஆகவே ஆசிரியர் அன்றைய தொழில் தகராறு சட்டத்தின் கீழ் வரமாட்டார் என்றது. காம்பவுண்டைப் பெருக்குகிறவரும் கல்லூரி பஸ் ஓட்டுகிறவரும் அதில் வந்தார்கள், வகுப்பெடுக்கிறவர் வரவில்லை.

நீங்கள் சொன்ன ‘குரு ஸ்தானம்’ இதுதான், ச. அந்தப் பட்டத்தைக் கொடுத்துத்தான் அவர்களை வெளியே நிற்க வைத்திருக்கிறோம். பணிக்கொடையிலும் இதே கதைதான். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆசிரியர் அடங்கமாட்டார் என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. 2009-இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் முதலே செல்லும் என்றது. தனியார் பள்ளிக்காரர்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டு, கடைசியில் ஆசிரியர்கள் பக்கம் தீர்ப்பானது 2022-இல். நடுவில் ஓய்வு பெற்றவர்களில் எத்தனை பேர் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்!

நானும் இரண்டு வருடம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்தவன். ஊர், பேர் வேண்டாம். சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பிலிருந்து எம்.ஏ. வரை அசல் சான்றிதழ்களை வாங்கி அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சம்பள நாளில் அக்கவுண்டன்ட் நீளமான பதிவேட்டைத் திருப்பி வைப்பார். அதில் என் பெயருக்கு நேராகப் பன்னிரண்டாயிரம் என்று எழுதி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும். கையெழுத்துப் போட்டால் கவரில் வைத்து ஏழாயிரத்து ஐந்நூறு கொடுப்பார். முதல் மாதம் எண்ணிப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நிமிரவே இல்லை, அடுத்தவருக்குரிய பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே கவர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. வேலையை விடுகிறேன் என்றபோது மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுச் சான்றிதழை எடுத்துக்கொள் என்றார்கள். அப்பா ஒரு கறவை மாட்டை விற்றார். பீரோவிலிருந்து வந்த என் எம்.ஏ. சான்றிதழின் மூலையில் குண்டூசித் துரு இன்னும் இருக்கிறது.

அந்தக் கல்லூரியில் சங்கம் இல்லை. சங்கம் என்ற வார்த்தையை ஸ்டாஃப் ரூமில் யாரும் வாய்விட்டுச் சொன்னதாகக்கூட நினைவில்லை. இருந்திருந்தால் நானும் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு கேட்டில் நின்றிருப்பேன் என்று பெருமையடிக்க மாட்டேன். பயந்தாங்கொள்ளி நான். அதனால்தான் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கேரளத்து வியாதி என்கிறீர்கள். அந்த வியாதி இங்கே என்ன செய்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1957-இல் அன்றைய கல்வி மந்திரி முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவில் தனியார் பள்ளி நடத்துகிற மேனேஜர்களுக்கு எரிச்சலூட்டிய விஷயங்களில் ஒன்று, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும் என்பது. கல்லூரி ஆசிரியர்களுக்கு அது கிடைக்க 1972 வரை ஆனது. முதலமைச்சர் அச்சுத மேனன் ஆட்சியில், வேலைநிறுத்தம் செய்து வாங்கியது அது. தமிழ்நாட்டிலும் மூட்டா, ஏ.யு.டி. போன்ற கல்லூரி ஆசிரியர் சங்கங்கள் தெருவில் நின்ற காலம் உண்டு. தனியார் கல்லூரி ஆசிரியரை நீக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்கிற 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கேயும் இருக்கிறது. ஆக, இது எல்லை தாண்டி வந்த தொற்று இல்லை.

வேறொன்று எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்தது. அரசுச் சம்பளம் வாங்கும் எய்டட் ஆசிரியர்கள் ஒரு பக்கம், அதே கட்டடத்தில் அதே பாடத்தை நடத்திவிட்டு நிர்வாகம் போடுவதை வாங்கிக்கொள்ளும் சுயநிதி ஆசிரியர்கள் இன்னொரு பக்கம். ஸ்டாஃப் ரூமில் டீகூடத் தனித்தனியாகத்தான். வலுவான சங்கங்கள் பல, முதல் வகைக்காரர்களின் சங்கங்களாகவே வெகுகாலம் இருந்தன. சம்பள கமிஷன் வரும்போதெல்லாம் அவர்கள் குரல் ஓங்கி ஒலிக்கும். பக்கத்து நாற்காலிக்காரரின் கவரைப் பற்றிப் பேச்சு வராது. எனக்குச் சங்கங்கள் மேல் உள்ள வருத்தம் இதுதான், உங்களுடையது இல்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மகள் கல்லூரியில் சுயநிதிக்காரர்களுக்காகச் சங்கமே கேட்டுக்கு வந்திருக்கிறது. அது அபூர்வம். எய்டட் ஆசிரியர்கள் எத்தனை பேர் அங்கே நிற்கிறார்கள் என்று மகளிடம் கேளுங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

இனி விடைத்தாள். இதில் நான் உங்கள் பக்கம், முக்கால்வாசி. மில்லில் வேலைநிறுத்தம் என்றால் அன்றைக்கே முதலாளிக்கு நூல் நஷ்டம். கல்லூரியில் ஃபீஸ் ஜூனிலேயே வந்துவிடுகிறது. ஆசிரியர் ஒரு மாதம் வகுப்புக்குப் போகாவிட்டாலும் நிர்வாகத்துக்கு ஒரு ரூபாய் குறையாது, சொல்லப்போனால் சம்பளம் மிச்சம். நிர்வாகத்துக்கு வலிக்கிற மாதிரி அவர்கள் கையில் இருப்பது மார்க் ஷீட் ஒன்றுதான், அது உங்கள் மகளின் மேல் பட்டுத்தான் அங்கே போய்ச் சேரும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரத்தில் ரிசல்ட் வராவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போய்விடும். நான் சங்கத்தில் இருந்தால், கடைசி வருடத் தாள்களைத் திருத்திக் கொடுத்துவிடுங்கள், மற்ற வருடங்களை நிறுத்துங்கள் என்று வாதாடுவேன். ஓட்டுக்கு விட்டால் தோற்றும் போவேன். சம்பளம் வராமல் மூன்று மாதம் வாடகை கொடுக்க முடியாதவர்களிடம் நிதானத்தைப் பற்றிப் பேசுவது எனக்குச் சுலபம்.

ஆனால் நீங்கள் நோட்டீஸ் கொடுத்தவர்களிடம் மட்டும் கோபப்படுகிறீர்கள். நீங்கள் கட்டிய முழு ஃபீஸ் எங்கே போயிற்று என்று ஒரு பெற்றோர்கூட ஆபீஸ் ஜன்னலில் கேட்டதாகக் கடிதத்தில் இல்லையே. உரம் கொடுத்துவிட்டு மூன்று மாதம் பாக்கிக்கு அலைகிற விவசாயக் கணக்கு உங்களுக்குத் தெரியாததா? பணம் கட்டிய ரசீது உங்களிடம் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, ‘நான் கொடுத்துவிட்டேன், நீங்கள் ஏன் அவர்களுக்குக் கொடுக்கவில்லை?’ என்று கேட்க உங்களுக்குப் பாத்தியதை உண்டு. ஆசிரியர் கேட்டால் சஸ்பென்ஷன். நீங்கள் கேட்டால் காபி கொடுத்து உட்காரச் சொல்வார்கள்.

மகளைத் திட்டியது சரியில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

புதன்கிழமை எனக்குக் கோயம்புத்தூரில் பல் டாக்டரிடம் வேலை இருக்கிறது. காலை ஏழரைக்கு வேலந்தாவளத்தில் இருப்பேன், அந்த டீக்கடை வாசலில். ரசீதை எடுத்துக்கொண்டு வாருங்கள். மகளோடு மூன்று பேருமாக அந்த கேட்டில் இறங்கி, முதலில் வெளியே நிற்பவர்களிடம் பேசிவிட்டு, அப்புறம் உள்ளே போவோம்.

அன்புடன்,
மாஷ்