வேலையை விடாமல் பகுதி நேரமாக எம்.பி.ஏ. படிக்கலாமா?

கேட்டவர் பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஐந்து வருடமாக ஒரு ஃபேக்டரியில் இருக்கிறார், தங்கை கல்யாணக் கடன் இருப்பதால் வேலையை விட முடியாது, எம்.பி.ஏ. படித்தால் பயன் உண்டா, இரண்டு வருடத்தில் முடியுமா என்கிறார்.

தாராளமாகப் படிக்கலாம். ஆனால் இரண்டு வருடத்தில் முடித்தே தீருவேன் என்ற பிடிவாதத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்துகொண்டே இக்னோ என்ற தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முடித்தேன், மூன்றரை வருடம் ஆனது. சேரும்போது நானும் இரண்டு வருடம் என்றுதான் நினைத்தேன், யாரும் இந்தக் கணக்கை எனக்குச் சொல்லவில்லை: இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு, ஒரு தாள் 4 கிரெடிட், முதல் செமஸ்டருக்கு 7 தாள். மொத்தம் 840 மணி நேரம். 26 வாரத்துக்கு வகுத்தால் வாரம் 32 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ஷிஃப்ட், பஸ், தூக்கம் எல்லாம் போக அதில் பாதி கிடைத்தாலே பெரிது. முதல் டிசம்பரில் ஏழு தாளையும் எழுதப் போய் குவாண்டிடேட்டிவ் என்ற கணக்குத் தாள், அக்கவுண்டிங் இரண்டும் போனது. அப்புறம் ஒரு தேர்வுக்கு நான்கு தாள் என்று குறைத்துக்கொண்டேன், அதன் பிறகு எதுவும் போகவில்லை. அதிகபட்சம் 4 வருடம் தருகிறார்கள், நம்மைப் போல ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்காகத்தான் அது இருக்கிறது, கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அசைன்மெண்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. அசைன்மெண்டைக் கையால் எழுதித் தர வேண்டும். ஏ ஷிஃப்ட் முடிந்ததும் கேண்டீனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதுவேன், எத்தனை தடவை கழுவினாலும் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், தாளில் ஒட்டாமல் இருக்க உள்ளங்கைக்கு அடியில் கிழித்த காலண்டர் தாள் ஒன்றை வைத்துக்கொள்வேன். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப்போட்ட நாளெல்லாம் எழுதாத நாள்தான்.

பயன் உண்டா என்றால், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அடக்கவிலை 46 ரூபாய் வரும் ஒரு பிராக்கெட்டை எங்கள் கம்பெனி 41 ரூபாய்க்கு ஆர்டர் எடுத்தது. நஷ்டத்துக்கு எதற்கு எடுக்கிறார்கள் என்று ஷாப்பில் எல்லோரும் பேசினோம். அந்த வாரம்தான் மறுபடி எழுத வேண்டிய அக்கவுண்டிங் தாளில் மார்ஜினல் காஸ்டிங், அதாவது கூடுதலாக ஒரு பீஸ் செய்ய எவ்வளவு ஆகும் என்ற கணக்கு, படித்துக்கொண்டிருந்தேன். 46-இல் 15 ரூபாய் வாடகை, சம்பளம், தேய்மானம், மெஷின் சும்மா நின்றாலும் அது ஆகிற செலவு. தகடு, கரண்ட் என்று பீஸுக்குப் பீஸ் ஆவது 31 தான். ஆக 41-க்கு விற்றால் பீஸுக்கு 10 ரூபாய் கையில் நிற்கிறது. ஆனால் பிரஸ்ஸில் டையை, அதாவது தகட்டுக்கு வடிவம் தரும் அச்சை, மாற்றும்போதெல்லாம் 12 ட்ரையல் பீஸ் ஸ்கிராப்புக்குப் போகும், அது 372 ரூபாய். ஒரு தடவைக்கு 50 பீஸ் லாட்டாக ஓட்டினால் வருகிற 500-இல் முக்கால்வாசி அதிலேயே போய்விடும். பிளானிங் மீட்டிங்கில் இதைச் சொன்னேன், மேனேஜர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார், அடுத்த மாதம் லாட் 400 ஆனது. பத்து வருடமாக அதே டையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், அன்றைக்குத்தான் அதில் பணம் தெரிந்தது. சம்பளம் உடனே ஏறவில்லை, ஒன்றரை வருடம் கழித்து பிளானிங்குக்கு மாற்றினார்கள்.

எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பார்த்துவிடுங்கள். அனுமதி பெற்ற தொலைதூரப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆறு மாதத்தில் எம்.பி.ஏ., தேர்வே கிடையாது என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ஐ.ஐ.எம். திருச்சி, வேலையில் இருப்பவர்களுக்காகச் சென்னையில் ஒரு படிப்பு நடத்துகிறது, நல்ல இடம்தான், ஆனால் லட்சக்கணக்கில் செலவு. கல்யாணக் கடன் மேல் இன்னொரு கடன் வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்று, தேர்வு ஜூன், டிசம்பர் மாதங்களில் வரும், வார நாட்களிலும் இருக்கும். அதற்கான லீவை ஜனவரியிலேயே ஒதுக்கி வையுங்கள், அட்டவணை வந்த அன்றே மேலதிகாரியிடம் காட்டிவிடுங்கள். வீட்டிலும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அந்த மாதங்களில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் என் மனைவி தனியாகப் போய் மொய் எழுதிவிட்டு வந்தாள், அவள் இல்லாமல் நான் முடித்திருக்க மாட்டேன்.

நைட் ஷிஃப்ட் உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. உண்டென்றால் முதல் தேர்வுக்கு மூன்று தாளோடு நிறுத்துங்கள், அதில் அக்கவுண்டிங் ஒன்றாக இருக்கட்டும். எங்காவது நின்றால் இங்கேயே கேளுங்கள், என் பழைய நோட்டு இன்னும் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்.