வாசகர் கேள்வி – பதில்: 116 வெற்றிகளுக்குப் பின் ஒரு தோல்வி

கேள்வி: 1906-ஆம் ஆண்டின் பேஸ்பால் பருவத்தில் சிகாகோ கப்ஸ் அணி 116 ஆட்டங்களில் வென்று, 36-இல் மட்டுமே தோற்றதாகப் படித்தேன். அத்தகைய அணி, அதே நகரத்தின் ஒயிட் சாக்ஸ் அணியிடம் உலகத் தொடரை (இரு லீகுகளிலும் முதலிடம் பிடித்த அணிகள் மோதும் இறுதித் தொடரை) இழந்தது எப்படி? அலட்சியம்தான் காரணமா?

பதில்: அலட்சியம் என்று சொல்லிவிட்டால் இரு அணிகளுக்குமே அநீதி செய்தவர்களாவோம். கப்ஸ் அணியின் பலம் அடிப்பதில் இருந்ததைவிட, எதிரணியை ரன் எடுக்கவிடாமல் தடுப்பதில்தான் அதிகம் இருந்தது. மார்டிகாய் பிரவுன், எட் ரூல்பாக், ஜாக் ஃபைஸ்டர் ஆகிய பந்தெறிபவர்களும், ஜோ டிங்கர், ஜானி எவர்ஸ் ஆகியோரை உள்ளடக்கிய உள்வட்டத் தடுப்பும், முதல் பேஸில் (ரன் எடுக்க ஓடுபவர் தொடவேண்டிய நிலைகளில் முதலாவதில்) ஆடியபடியே அணியை நிர்வகித்த ஃபிராங்க் சான்ஸும் சேர்ந்து, பருவம் முழுவதிலும் எதிரணிகளுக்கு 381 ரன்கள் மட்டுமே கொடுத்தனர். கப்ஸ் ஆடிய நேஷனல் லீகில் இரண்டாவதாக வந்த நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி, அவர்களுக்கு 20 ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது.

ஒயிட் சாக்ஸ் அணியோ, அமெரிக்கன் லீகின் எட்டு அணிகளில் மிகக் குறைந்த பேட்டிங் சராசரியுடன் (பேட்டர்களின் வாய்ப்புகளில் ஹிட்களின், அதாவது பேஸை எட்டவைத்த அடிகளின் விகிதம்; .230) முதலிடம் பிடித்த அணி, ‘ஹிட் இல்லாத அதிசயங்கள்’ என்று பத்திரிகைகள் அவர்களைக் கேலியும் வியப்புமாக அழைத்தன. இந்தப் பட்டப்பெயரைக் கேட்டு அவர்களை எளிய எதிரிகள் என்று எண்ணிவிடக்கூடாது. ஆகஸ்டில் தொடர்ச்சியாக 19 ஆட்டங்களை வென்று மேலேறிய அவர்களிடம் எட் வால்ஷ், நிக் ஆல்ட்ராக், டாக் ஒயிட் போன்ற பந்தெறிபவர்கள் இருந்தார்கள். எச்சில் தடவி எறியும் ஸ்பிட்பால் அப்போது விதிகளுக்கு உட்பட்டது. வால்ஷின் முதன்மை ஆயுதமும் அதுவே. ஒரே பந்து அழுக்கேறி மென்மையாகும்வரை பயன்படுத்தப்பட்டதால் நெடுந்தூர அடிகள் அரிதாக இருந்த அந்தக் காலத்தில், ஒன்றிரண்டு ரன்களே ஆட்டத்தைத் தீர்மானித்தன. அத்தகைய ஆட்டத்தில் வலிமையான அணிக்கும் சற்றே எளிய அணிக்கும் உள்ள வேறுபாடு நூற்றைம்பது ஆட்டங்களில் தெளிவாகத் தெரியும். ஆறே ஆட்டங்களில் தெரியவேண்டும் என்ற கட்டாயமில்லை.

தொடரின் போக்கைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் ஆல்ட்ராக் 2–1 என்று பிரவுனை வென்றார். இரண்டாவதில் ரூல்பாக் ஒரே ஒரு ஹிட்டை மட்டும் அனுமதிக்க, கப்ஸ் 7–1 என்று வென்றது. மூன்றாவதில் வால்ஷ் 12 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்டிரைக்குகளில் ஆட்டமிழக்கச் செய்தார். காயமடைந்தவர்களாலும் நோயுற்றவர்களாலும் ஏற்பட்ட இடமாற்றத்தில் வாய்ப்புப் பெற்ற ஜார்ஜ் ரோ என்ற மாற்று வீரர், மூன்று பேஸ்களிலும் ஆட்கள் நின்றபோது டிரிபிள் (மூன்றாவது பேஸ்வரை ஓடவைக்கும் அடி) அடித்து, ஆட்டத்தின் மூன்று ரன்களையும் பெற்றுத் தந்தார். நான்காவதில் பிரவுன் 1–0 என்று பழிதீர்த்தார். ஐந்தாவது ஆட்டத்தில், அதுவரை அடிக்கத் தெரியாதவர்களாகக் கருதப்பட்ட சாக்ஸ் வீரர்களில் ஒருவரான ஃபிராங்க் இஸ்பெல் நான்கு டபிள்கள் (இரண்டாவது பேஸ்வரை ஓடவைக்கும் அடிகள்) அடித்தார்; அணி 8–6 என்று முந்தியது.

என் பார்வையில், தவறு என்று ஒன்றைச் சுட்டவேண்டுமானால் அது ஆறாவது ஆட்டத்தில் நேர்ந்தது. அக்டோபர் 12-இல் முழு ஆட்டமும் எறிந்த பிரவுனை, ஒருநாள் ஓய்வுக்குப் பின் 14-ஆம் தேதி சான்ஸ் மறுபடியும் களமிறக்கினார். ஒன்பது இன்னிங்ஸ்களில் இரண்டாவது முடிவதற்குள் சாக்ஸ் ஏழு ரன்கள் எடுத்துவிட்டது, பிரவுனும் வெளியேறிவிட்டார். 8–3 என்று ஆட்டமும், நான்குக்கு இரண்டு என்று தொடரும் முடிந்தன. சொந்த மைதானத்தில் விளையாடிய அணி அந்தத் தொடரில் வென்ற ஒரே ஆட்டமும் அதுதான் என்பது வேடிக்கையான செய்தி.

கேள்வி: பிரவுனை ‘மூன்று விரல்’ பிரவுன் என்று அழைத்தது ஏன்?

பதில்: சிறுவயதில், பண்ணையில் தீவனம் வெட்டும் இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் ஆள்காட்டி விரலில் பெரும்பகுதியை இழந்தார்; பின்னர் விழுந்ததில் மற்ற விரல்களும் வளைந்துபோயின. அந்தக் கையிலிருந்து புறப்பட்ட பந்து பேட்டருக்கு அருகில் சட்டென்று தாழ்ந்தது. 1906-இல் அவர் 26 ஆட்டங்களில் வென்று, 6-இல் தோற்றார்.

கேள்வி: அந்த 116 வெற்றிகளை யாராவது முறியடித்தார்களா?

பதில்: எண்ணிக்கையைச் சமன்செய்தவர்கள் உண்டு. 2001-இல் சியாட்டில் மரைனர்ஸ் அணியும் 116 ஆட்டங்களை வென்றது. ஆனால் 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் 46 தோல்விகளுடன். வெற்றி விகிதத்தைப் பார்த்தால் கப்ஸின் .763, மரைனர்ஸின் .716-ஐவிட வெகுதூரம் முன்னே நிற்கிறது. மரைனர்ஸ் உலகத் தொடரை எட்டவே இல்லை. கப்ஸ் அணியோ 1907-இலும் 1908-இலும் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியை வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. அதற்கடுத்த பட்டத்துக்கு அது 2016 வரை காத்திருக்க நேர்ந்தது.