லோடரின் ஹைட்ராலிக் சிலிண்டர்: பிரிக்கும் முன்னும் பூட்டும் முன்னும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையோரத்தில் கரும்பு வெட்டு டிசம்பரில் ஓய்கிறது. ஏப்ரல் வாக்கில் ஆலை ஓடத் தொடங்கும் வரைதான் டிராக்டர்களைப் பழுது பார்க்க நேரம். டிராக்டரின் முன்னால் பூட்டிய, சுமை தூக்கும் லோடர் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. லோடரின் கைகளைத் தூக்குவது ஹைட்ராலிக் சிலிண்டர்: எண்ணெய் அழுத்தம் உருளைக்குள் பிஸ்டனையும் அதோடு சேர்ந்த தண்டையும் தள்ளும்; எண்ணெய் கசியாமல் பிடிக்கும் வளையம்தான் சீல்.

டோங்காட்: அண்ணா, லோடரின் தூக்குக் கைகளை உயர்த்தி நிறுத்தினால் 10 நிமிடத்தில் தரைக்கு வந்துவிடுகின்றன. வெளியே ஒழுகல் இல்லை. சீல் வாங்கிவிட்டேன். எப்படிப் பிரிப்பது?

தம்பி, இப்போதைக்கு எதையும் பிரிக்காதீர்கள். தூக்கும் சிலிண்டரில் சுமை தண்டை உள்ளே தள்ளுகிறது. தண்டு உள்ளே போக, அதன் கன அளவுக்கு எண்ணெய் சிலிண்டரை விட்டு வெளியேறியாக வேண்டும். பிஸ்டன் சீல் கிழிந்தால் எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகுமே தவிர, சிலிண்டருக்கு வெளியே போகாது. லிவரால் இயங்கும் வால்வு எண்ணெயின் இரு வழிகளையும் இறுக அடைத்திருந்தால் கை சற்றுத் தாழ்ந்து நின்றுவிடும். தரை வரை இறங்குகிறது என்றால் வால்வு வழியாக எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது.

உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. கைகளைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்து, லிவரை இருபுறமும் அசைத்து அழுத்தத்தை விடுங்கள். இரு சிலிண்டர்களின் தண்டு முனைகளையும் கழற்றி, மரக்கட்டை மேல் தாங்கவைத்து, என்ஜினை ஓட்டித் தண்டுகளை முழுக்க நீட்டுங்கள். மறுபடியும் என்ஜினை அணைத்து அழுத்தத்தை விட்டு, ஒன்றின் தண்டுப் பக்கக் குழாயைக் கழற்றி, குழாயின் வாயை உலோக மூடியால் அடையுங்கள். இனி விலகி நின்று தூக்கும் திசையில் மெதுவாக அழுத்தம் கொடுங்கள். திறந்த துளையில் எண்ணெய் விடாமல் வந்தால் அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் சீல் போய்விட்டது. இரண்டு சிலிண்டரிலும் வராவிட்டால் வால்வைப் பாருங்கள்.

வெருலம்: சிலிண்டரில் தண்டு வெளிவரும் முனையை அடைக்கும் தலைமூடி அசையவே இல்லை. கம்ப்ரசர் காற்றால் தள்ளிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். அடைபட்ட காற்று ஒரே நொடியில் விரிந்து பிஸ்டனைத் தூக்கி எறியும்; ஆளைக் கொன்றுவிடும். முதலில் துருவைச் சுரண்டிவிட்டு மூடியின் விளிம்பை நன்றாகப் பாருங்கள். மரை இல்லாமல் உள்ளே கம்பி வளையம் பிடித்திருக்கும் மூடியைத் திருகித் திருகிக் கெடுத்தவர்கள் பலர்.

ஸ்டேங்கர்: ஐயா, பழைய சீலை அளந்து வாங்கினேன். புதியது தண்டில் பிடிப்பே இல்லாமல் தளர்ந்து நிற்கிறது.

பழைய சீலை அளக்காதீர்கள் அம்மா. எண்ணெயில் ஊறி அது அளவு மாறியிருக்கும். தண்டு, உருளையின் உள்விட்டம், சீல் உட்காரும் பள்ளம் மூன்றையும் வெர்னியர் அளவுகோலால் அளங்கள். பழைய டிராக்டர்களில் பல அங்குல அளவில் செய்தவை. ஒன்றரை அங்குலத் தண்டு 38.1 மில்லிமீட்டர், கடைக்காரர் 40 மில்லிமீட்டர் சீலைக் கொடுத்தால் அது எண்ணெயைப் பிடிக்காது. பூட்டும்போது தண்டுச் சீலின் உதடு எண்ணெய்ப் பக்கம் பார்க்கட்டும். தூசி துடைக்கும் சீலின் உதடு வெளிப்பக்கம்.

உம்சிண்டோ: புதுச் சீல் போட்ட ஒரே மாதத்தில் மீண்டும் ஒழுகுகிறது.

சீலைக் குறை சொல்லும் முன் தண்டில் நகத்தை ஓட்டுங்கள். கடற்காற்றின் உப்பு குரோம் பூச்சைத் துளைத்துச் சிறு குழிகளாக்கும். ஒவ்வொரு அசைவிலும் குழியின் விளிம்பு சீலை அரம்போல் ராவும். குழி விழுந்த தண்டுக்குக் குரோம் பூச்சு புதிதாகத்தான் போட வேண்டும். வண்டியை நிறுத்தி வைக்கும்போது தண்டு உள்ளே இருக்கட்டும். வெளியே நிற்கும் பகுதிக்குக் கிரீஸ் தடவுங்கள். உருளையின் எண்ணெய்த் துளையையும் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். அதன் விளிம்பில் பிசிர் இருந்தால் பிஸ்டன் நுழையும்போதே புதுச் சீல் அறுந்துவிடும்.

டார்னல்: ஹோஸ் எங்கே ஒழுகுகிறது என்று தடவிப் பார்த்தேன். விரலில் சுருக்கென்றது. சிறு புள்ளிதான், வலி இல்லை. மாத்திரை போதுமா?

போதாது. ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பரவிவிடும். வலி பிறகுதான் வரும். அதற்குள் சதை அழுகத் தொடங்கி, விரலையே எடுக்க நேரிடலாம். அழுத்தத்தில் எண்ணெய் ஏறிவிட்டது என்று மருத்துவரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படும். ஒழுகலைத் தேட அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும், கையை அல்ல. அதையெல்லாம் பிறகு பேசலாம். இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.