நாற்றங்கால் ஒன்றுதான் தம்பி

லண்டன் வந்து பத்து மாதம், வயது 27, முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது, ஊரில் கல்யாணத்துக்கு இன்னும் எட்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். இஸ்தான்புல்லில் முடி நட 4,500 கிராஃப்ட் (பிடரியிலிருந்து பறித்து நடும் முடிக்கொத்து), நட்சத்திர ஹோட்டல், ஏர்போர்ட் கார் எல்லாம் சேர்த்து 1,900 பவுண்ட் என்று வாட்ஸப்பில் ஒருவர் தினமும் விசாரிக்கிறார். அங்கே போவதா, இங்கேயே செய்வதா, லீவில் சென்னை போகும்போது முடித்துவிடுவதா, நல்ல டாக்டர் என்று எதை வைத்து நம்புவது என்பது உங்கள் கேள்வி.

நான் இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. இரண்டு முறை முடி நட்டவன். முதல் முறை ஆசைக்கு, இரண்டாவது முறை முதல் முறையின் அலங்கோலத்தைச் சரிசெய்ய. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இங்கத்திய அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் முடி நட்டுத் தருமா என்றால், வழுக்கைக்குச் செய்யாது. அழகுக்கான சிகிச்சை, சொந்தக் காசுதான். இருந்தாலும் உங்கள் பகுதிக் குடும்ப டாக்டரை, அதாவது ஜிபியை, ஒருமுறை பாருங்கள். நாடு மாறிய அலைச்சலில், காய்ச்சலில், சாப்பாடு மாறியதில் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டுவதுண்டு. அது தானாக நின்றுவிடும். தைராய்டு, இரும்புச் சத்து இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டால் ஒரு சந்தேகம் தீரும். இங்கே நம்மவர்கள் எல்லோரும் லண்டன் தண்ணீரைத்தான் திட்டுவார்கள். கெட்டிலில் உப்புப் படிவது உண்மை. ஆனால் நெற்றியோரம் ஏறி உச்சியில் வட்டம் விழுவது பரம்பரையால், ஹார்மோனால் வருவது. தண்ணீர் மேல் பழி போட முடியாது.

நான் மன்னார்குடிப் பக்கம். எனக்கு இந்த விஷயம் நாற்று என்ற சொல்லில்தான் புரிந்தது. பிடரியிலும் காதுக்கு மேலேயும் இருக்கிற முடி பொதுவாக வழுக்கைக்குத் தப்பிக்கிற ஜாதி. அதைப் பறித்து முன்னால் நட்டால் அங்கேயும் அதே குணத்தோடு வளரும். சிகிச்சை மொத்தமும் அவ்வளவுதான். ஆனால் வயலில் அடுத்த போகத்துக்கு மறுபடி விதை தெளிக்கலாம். இந்த நாற்றங்காலில் பறித்த இடம் பறித்ததுதான், திரும்ப முளைக்காது. ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். ஆளுக்கு ஆள் மாறினாலும், ஒரு ஆயுளுக்குப் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது சுமார் ஆறாயிரம் கிராஃப்ட். 27 வயதில் ஒரே நாளில் 4,500 எடுத்துவிட்டால், நாற்பதில் உச்சி விழும்போது எதை வைத்து நடுவீர்கள்? சரி, அந்த 4,500 என்பதை எண்ணியது யார்? நீங்கள் அனுப்பிய நாலு செல்ஃபியைப் பார்த்துத்தானே?

என் கதையைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த இடம் என்பது வேண்டாம். காலையில் டாக்டர் வந்தார், மார்க்கரால் நெற்றியில் ஒரு கோடு போட்டார், தோளைத் தட்டினார், போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. குப்புறப் படுத்திருந்த என் பிடரியில் முடியைப் பறிக்கத் துளை போட்டது இரண்டு இளைஞர்கள். ரேடியோவில் பாட்டு. மதியம் ஒருவர் சாப்பிடப் போனார், வேறொருவர் வந்து உட்கார்ந்தார். ஒரு வருஷம் கழித்து முன்நெற்றியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல முடி நின்றது. அடுத்த சில வருஷங்களில் அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி பின்வாங்கியது. நட்ட வரிசை மட்டும் வேலி மாதிரி தனியாக நின்றது. பின்பக்கம் எப்படி இருந்தது என்பதை ஈஸ்ட்ஹாமில் முடிவெட்டுகிற பையன்தான் சொன்னான். மெஷினை இரண்டாம் நம்பரில் ஓட்டியவன் சட்டென்று நிறுத்தினான். "அண்ணே, இங்க பூச்சி அரிச்ச கம்பளி மாதிரி இருக்கு. நாலுக்குக் கீழ போக வேணாம்ணே." இன்றுவரை நான் நாலுக்குக் கீழே போனதில்லை.

இரண்டாவது முறை போனது ஒரு பெண் டாக்டரிடம். பார்க்க மட்டுமே தனிக் கட்டணம். முதலில் தலையை நனைத்துச் சீவினார். ஒரு சின்னக் கருவியைப் பிடரியில் நாலைந்து இடத்தில் வைத்துத் திரையில் பெரிதாக்கி, ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கொத்து என்று என் கண் முன்னால் எண்ணினார். தடித்த முடிகளுக்கு நடுவே மெலிந்தவை எத்தனை என்றும் பார்த்தார். பிடரியிலேயே மெலிவு இருந்தால் அந்த நாற்றே உதவாதாம். அப்பா, தாய்மாமன் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். கடைசியில், "இந்த வருஷம் கத்தி வேண்டாம், மருந்து போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். நட்டது அதற்குப் பிறகுதான். வாசலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பணத்தோடு வந்தவனை ஒருவர் திருப்பி அனுப்புகிறாரே என்று வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், முதல் இடத்தில் வேண்டாம் என்ற சொல்லை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது உறைத்தது.

ஆகவே ஊரைத் தேடாதீர்கள், கிளினிக்கின் பெயரையும் தேடாதீர்கள். ஒரு மனிதரின் பெயரைக் கேளுங்கள். என் தலையில் துளை போடப்போவது யார், நடுவதற்கான கீறலைப் போடுவது யார் என்று எழுத்தில் கேளுங்கள். எடுத்த கிராஃப்டைப் பிரித்து வைப்பது, கீறலுக்குள் செருகுவது போன்றவற்றில் உதவியாளர்கள் இருப்பது வழக்கம், அதில் தப்பில்லை. தோலை வெட்டுவதும் துளைப்பதும் டாக்டரின் வேலை. "எங்கள் டீம் செய்யும்" என்று பதில் வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அன்றைக்கு அவருக்கு எத்தனை நோயாளி என்றும் கேளுங்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தலை முழுக்க மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். மருந்து அளவு மீறினால் இதயத்தையே பாதிக்கும். 2016இல் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் முடி நடப் போய் உயிரிழந்தார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம்தான் என்று பிறகு செய்தி வந்தது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளையே ஏமாந்தது என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்.

பெயர் கிடைத்ததும், இங்கே என்றால் டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜிஎம்சி அமைப்பின் பதிவேட்டில் தேடுங்கள். இலவசம்தான். பதிவு இருந்தால் போதாது, தொழில் செய்வதற்கான லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, நிபந்தனை ஏதாவது போட்டிருக்கிறார்களா என்பதையும் காட்டும். இங்கிலாந்தில் கிளினிக், மருத்துவ இடங்களைக் கண்காணிக்கும் சிக்யூசி அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும், அதையும் பார்த்துவிடுங்கள். இந்த நாட்டில் முடி நடுவதற்கென்று தனி சிறப்புத் துறை கிடையாது. அதனால் பிளாஸ்டிக் சர்ஜன் என்ற பட்டம் மட்டும் போதாது. முடி நடும் டாக்டர்களுக்கான பிஏஎச்ஆர்எஸ் (பிரிட்டன்), ஐஎஸ்எச்ஆர்எஸ் (சர்வதேசம்) சங்கங்களில் இருக்கிறாரா என்பது ஒரு தடயம். கைநேர்த்திக்கு அது சான்றிதழ் ஆகாது. அதற்குப் படம்தான் சாட்சி. ஆனால் நனைத்துச் சீவிய தலை, ஒரே வெளிச்சம், பன்னிரண்டு மாதம் கழித்து எடுத்தது, கூடவே பிடரிப் படம், இவையெல்லாம் இருக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் பளிச்சென்று காட்டினால் என் முதல் டாக்டரும் மேதைதான்.

இன்னொன்று. சிகிச்சை செய்யப்போகிற டாக்டர் தானே உங்களோடு பேசிச் சம்மதம் வாங்க வேண்டும், யோசிக்க அவகாசம் தர வேண்டும் என்று ஜிஎம்சி 2016இலேயே விதி போட்டிருக்கிறது. இன்று டெபாசிட் கட்டினால் தள்ளுபடி என்று கவுண்டரில் சொல்கிறவர்களிடம் நின்று பேசக்கூட வேண்டாம். அப்படி ஓர் இடத்தில் எனக்கு 200 பவுண்ட் போயிருக்கிறது.

துருக்கியில் எல்லாரும் மோசம் என்று சொல்லமாட்டேன். அருமையான டாக்டர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களுடைய விலையும் காத்திருப்பும் வேறு. 1,900 பவுண்டுக்கு ஹோட்டலோடு கிடைப்பது அவர்கள் இல்லை. உங்களோடு வாட்ஸப்பில் பேசுகிறவர் விற்பனை ஆள். நம் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே போக விசா வேண்டும், சட்டென்று திரும்பிப் போய்க் காட்டுவது எளிதில்லை. ஐந்தாம் நாள் தலையில் சீழ் கோத்தால் நீங்கள் இங்கே, அவர்கள் போனில். சென்னையில் நல்ல கை இருக்கிறது, செலவும் குறைவு, அம்மா சமையல் உண்டு. அங்கே என்றாலும் விசாரணை இதேதான். மாநில மருத்துவ கவுன்சில் பதிவு, அறுவை சிகிச்சை அல்லது தோல் மருத்துவத்தில் மேல்படிப்பு, துளை போடுவது யார் என்பது.

கல்யாணத்துக்காக என்று அவசரப்படுகிறீர்கள், ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. நட்ட முடி சில வாரத்தில் கொட்டிவிடும். மூன்று நான்கு மாதத்தில்தான் முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரியப் பன்னிரண்டு மாதம் பிடிக்கும். எட்டாவது மாதம் மணவறையில் பாதி விளைச்சலோடு உட்கார்ந்திருப்பீர்கள். அதற்குள் மருந்தைப் பற்றி ஒரு டாக்டரிடம் பேசுங்கள். தலையில் தடவும் மினாக்ஸிடில் கடையிலேயே கிடைக்கும். ஃபினாஸ்டிரைடு மாத்திரைக்கு மருந்துச்சீட்டு வேண்டும். அதில் சிலருக்கு மனச்சோர்வும் தாம்பத்தியச் சிக்கலும் வருவதுண்டு, மறைக்காமல் கேளுங்கள். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்பதும் கல்யாணம் ஆகப்போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இப்போதைக்கு ஈரத்தலையோடு முன்னால், உச்சி, இரண்டு பக்கம், பிடரி என்று ஐந்து படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பாத்ரூம் வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அது உதவும். அப்புறம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட்ஹாம் பக்கம் வந்தால் சொல்லுங்கள். தோசை என் செலவு. பிடரியைக் காட்டுகிறேன், போனில் டார்ச் அடித்துப் பாருங்கள்.